சோற்றுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் பின்னும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 108, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 சதவீதம். இது சர்க்கரை நோய் இல்லை. அப்படிச் சொல்ல வெறும் வயிற்றில் 126, ஹெச்பிஏ1சி 6.5 தொட வேண்டும். ஆனால் 100-க்கும் 5.7-க்கும் கீழே இருக்க வேண்டியவை இரண்டுமே ஏறி நிற்கின்றன. ஹீமோகுளோபினையும் பார்த்தேன், 14 இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு ஹெச்பிஏ1சி பொய்யாகக் கூடிக் காட்டுவது உண்டு. உனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

காபிக்குச் சர்க்கரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னாய். சரிதான், ஆனால் கணக்கைப் பார். இரண்டு காபிக்கு நாலு ஸ்பூன், சுமார் 20 கிராம். மத்தியானம் நீ போட்டுக்கொள்ளும் சோறு 300 கிராமுக்குக் குறையாது. வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம். ஆக 84 கிராம், அத்தனையும் குடலில் குளுக்கோஸாகத்தான் உடையும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாய். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று பெயரை மாற்றி உள்ளே விடுவதும் அதேதான். ரத்தத்துக்குப் பெயர் தெரியாது.

எதை விடுவது என்று பத்துப் பேரைக் கேட்காதே. ஒரே சோறு ஒருவருக்கு 30 ஏற்றும், இன்னொருவருக்கு 80 ஏற்றும். உன் உடம்பைக் கேட்க, வீட்டிலேயே ரத்தச் சர்க்கரையை அளக்கும் ஒரு குளுக்கோமீட்டர் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடை. மாம்பழம் தொட்ட விரலில் குத்தினால் 50, 60 கூடக் கூடுதலாகக் காட்டிவிடும். ஸ்பிரிட் பஞ்சு வைத்தால் காயும்வரை பொறு. விரல் நுனியின் நடுவில் குத்தாதே, ஓரத்தில் குத்து, வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்று பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு கெடும். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து நுனி நோக்கி மெல்லத் தள்ளு.

சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இந்த 'முதல் வாய்' விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுவார்கள். சாப்பிட்டு முடித்து, போன் பார்த்து, கை கழுவியதிலிருந்து எண்ணுவார்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 40-க்குள் இருந்தால் அந்தத் தட்டு உனக்கு ஒத்துக்கொண்டது. 60, 70 என்றால் தட்டை மாற்று. மீட்டர் 15 சதவீதம்வரை முன்னே பின்னே காட்டலாம் என்று தரக்கட்டுப்பாடே அனுமதிக்கிறது, அதனால் 138-க்கும் 145-க்கும் நடுவே உட்கார்ந்து கவலைப்படாதே. ஒரே சாப்பாட்டை மூன்று தடவை சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. முதல் வாரம் வழக்கமான மத்தியானச் சாப்பாடு. இரண்டாவது வாரம் அதே சோறு, அதே குழம்பு. ஆனால் பொரியலையும் பருப்பையும் முட்டையையும் முதலில் தின்று முடி, சோறு கடைசியில். நாரும் புரதமும் முன்னால் போனால் வயிறு மெதுவாகக் காலியாகும், ஏற்றம் மழுங்கும். மூன்றாவது வாரம் சோற்றை 150 கிராமாக்கு. அது 55 கிராம் அரிசி. சமையலறைத் தராசில் ஒரே ஒரு நாள் நிறுத்து, உன் கரண்டிக்கு எத்தனை வருகிறது என்று தெரிந்துகொள்; அப்புறம் தராசு வேண்டாம். நாலாவது வாரம் சாப்பிட்ட அரை மணிக்குள் 15 நிமிஷம் நட. வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். எந்த வாரம் எண் அதிகம் இறங்கியதோ அதுதான் உன் வழி.

சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் எதை வைக்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலியாக விட்டால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மிக்சர் டப்பா திறக்கும். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் சுமார் 10 கிராம் புரதம், முட்டை ஒன்றில் 6. சாம்பாரைப் புரதக் கணக்கில் சேர்க்காதே. ஒரு கரண்டியில் இருப்பது பருப்புத் தண்ணீர்தான். சப்பாத்திக்கு மாறுகிறேன் என்று நாலு சப்பாத்தி சாப்பிட்டால் 120 கிராம் மாவு, மாவுச்சத்து மறுபடி 80 கிராமைத் தாண்டும். கேழ்வரகுக் கஞ்சியும் அப்படித்தான். நல்ல தானியம், கால்சியம் உண்டு, மறுக்கவில்லை; ஆனால் பொடியாக அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் மெல்ல வேண்டிய வேலையே இல்லாமல் விறுவிறுவென்று ஏறும். சாமை, வரகு, தினை எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 60-க்கு மேல் மாவுச்சத்துதான். முழுத் தானியமாக, அளவாக வேகவைத்துத் தின்றால் நாரினால் லாபம். அளவு பார்க்காமல் தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் அந்த லாபமும் போய்விடும்.

நீ இருக்கும் புனேயில் இன்னொன்று. விரத நாளில் ஆபீஸ் கேன்டீனில் போடும் சாபுதானா கிச்சடி நம் ஜவ்வரிசிதான். கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, கூட உருளைக்கிழங்கு வேறு. விரதமென்ற பெயரில் அதை விழுங்காதே. அதே ஊரில் கிடைக்கும் மட்கி உசள் அருமையானது. நம் நரிப்பயறு, முளைகட்டியது. கூடத் தரும் பாவ் ரொட்டியை ஓரமாக வைத்துவிட்டு அதைத் தின்னு.

'நான் ஒல்லிம்மா' என்ற வாதத்துக்கும் புனேயிலிருந்தே பதில் இருக்கிறது. அங்குள்ள மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கான பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கை கால் மெலிந்து வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு நமக்கு. அதனால் எடையோடு இடுப்பையும் அள. பேண்ட் அளவைச் சொல்லாதே, அது தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் டேப் வைக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்.

காலை 108-க்குக் காரணம் காலையில் இல்லை. இரவு முழுக்கக் கல்லீரல்தான் குளுக்கோஸை வெளியே விடுகிறது. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலின் 'போதும்' என்றாலும் கேட்காது. பத்தரை மணிக்குச் சாப்பிட்டு ஒரு மணிவரை விழித்திருப்பது அதற்கு இன்னும் தோது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடி. எடையில் நாலைந்து கிலோ இறங்கினால் முதலில் கொழுப்பு விலகுவது கல்லீரலில்தான்.

இதெல்லாம் வேலை செய்யுமா என்று கேட்பாய். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் உன்னைப்போல விளிம்பில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மூன்றாண்டில், சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. எல்லோரும் தப்பவில்லை என்பதையும் சேர்த்தே படி.

உன் மாமனாரும் உன்னோடு சேர்ந்து சோற்றைப் பாதியாக்கப் போவதாகச் சொன்னாய். தடுத்து நிறுத்து. அவர் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறார். சோறு குறைந்தாலும் மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டேயிருக்கும், சர்க்கரை 70-க்குக் கீழே விழும். டாக்டர் மாத்திரை அளவை மாற்றிய பிறகுதான் அவர் தட்டை மாற்ற வேண்டும். வியர்த்து நடுங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, 15 நிமிஷத்தில் மறுபடி சோதி. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்து அதே லேபில் எடு. அதற்கு முன் எடுத்தால் பழைய ரத்த அணுக்களின் கணக்கே பாதி வரும். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் டப்பாவை ஃப்ரிட்ஜிலோ குளியலறையிலோ வைக்காதே, ஈரம் பட்டால் கெட்டுவிடும். ஒன்றை எடுத்த கையோடு மூடு, திறந்த தேதியை மூடிமேல் எழுது. முதல் வாரத்து எண்களை ஞாயிற்றுக்கிழமை படமெடுத்து அனுப்பு, சோற்றின் எடையும் பக்கத்தில் எழுதி.

அம்மா