இன்குபேட்டர் எத்தனை என்று எழுதினீர்கள், தாய்க்குக் கட்டில் எத்தனை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் எந்த ஊர் மருத்துவமனையில் எத்தனை இன்குபேட்டர், எத்தனை வென்டிலேட்டர் என்று கணக்கெடுத்துப் போட்டிருந்தீர்கள். தேவையான கணக்குதான். ஆனால் அந்த இன்குபேட்டருக்குள் இருக்கும் குழந்தை என்ன குடிக்கிறது, அதற்கு எப்படி எடை ஏறுகிறது என்று ஒரு வரி இல்லை. என் மகளுக்கு 29 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேரன் 52 நாள் என்ஐசியூவில், அதாவது பிறந்த குழந்தைகளுக்கான தீவிரச் சிகிச்சைப் பிரிவில், இருந்தான். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

பிறந்தபோது 1,080 கிராம். ஐந்தாம் நாள் 990. கேட்டதும் மருமகன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். பிறந்த குழந்தையின் உடம்பில் இருக்கிற நீர் வடிவதால் முதல் வாரம் எடை இறங்கத்தான் செய்யும், இரண்டு வாரத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். 13ஆம் நாள் திரும்பியது.

முதலில் கொடுத்த பால் எவ்வளவு தெரியுமா? இரண்டு மணி நேரத்துக்கு 1 மில்லி, வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் ட்யூபில். உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விட, வயிற்றில் இருந்த வாரத்தையும் சேர்த்து 34 வாரம் வாக்கில்தான் சரியாக வருமாம். "இது பசிக்கு இல்லம்மா, குடலைப் பழக்குறதுக்கு" என்றார் சிஸ்டர். பசிக்கு வேண்டிய குளுக்கோஸ், புரதம், கொழுப்பு எல்லாம் ரத்தக்குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வயிறு ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ளப் பாலைக் கூட்டி, ரத்தக்குழாய் வழியாகப் போவதைக் குறைத்தார்கள். நடுவில் வயிறு உப்பியதால் மூன்று நாள் பால் நிறுத்தம். இந்தக் குழந்தைகளுக்குக் குடல் அழுகிப்போகும் ஒரு நோய் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பவுடர் பால் குடிப்பவர்களைவிடத் தாய்ப்பால் குடிப்பவர்களுக்கு அது குறைவு. எங்கள் தெருவில் ஒருவர் நல்லெண்ணத்தில் கழுதைப்பால் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். கும்பிடு போட்டு அனுப்பினேன்.

அப்புறம் ஒரு சண்டை. பீய்ச்சிக் கொடுத்த பாலில் சிஸ்டர் ஏதோ பொடியைக் கலந்ததைப் பார்த்துவிட்டு, "தாய்ப்பால்னு சொல்லிட்டுப் பவுடர் கொடுக்கிறீங்களா?" என்று மருமகன் எகிறிவிட்டார். அது பால் பவுடர் இல்லை, தாய்ப்பாலுக்குச் சத்துக் கூட்டும் பொடி. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 3.5 முதல் 4 கிராம் வரை புரதம் வேண்டும். தாய்ப்பாலை மட்டும் கொடுத்தால் அந்த அளவு வராது. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் கருவில் கடைசி மூன்று மாதத்தில்தான் பெரும்பாலும் சேரும். இவனுக்கு அந்த மூன்று மாதம் கிடைக்கவே இல்லை. இதையெல்லாம் முன்கூட்டியே ஐந்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

இனி என் மனக்குறை. பாலை மருந்து மாதிரி மில்லி மில்லியாக அளந்தவர்கள், அந்தப் பாலைக் கொடுக்கிறவளைப் பார்வையாளராகத்தான் நடத்தினார்கள். சிசேரியன் ஆன என் மகளை ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். குழந்தை உள்ளே, அவள் வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பால் எடுக்க வேண்டும், ராத்திரியிலும் விடக்கூடாது என்றார்கள். எங்கே உட்கார்ந்து எடுப்பது? துணி மாற்றும் அறையில், கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு. இரண்டாவது வாரம் பால் குறைந்துவிட்டது. "அம்மாவுக்குப் பால் பத்தல" என்று சீட்டில் எழுதினார்கள். அவளுக்குத் தூக்கம் பத்தவில்லை என்று யாரும் எழுதவில்லை.

கட்டில் போட இடம் எங்கே என்பார்கள். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டிருக்கிறார்கள். அது இந்தியாவோடு நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்த ஆய்வுக்காகச் செய்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை தேறட்டும் என்று காத்திருக்காமல், பிறந்தவுடனே தாயின் மார்போடு கங்காரு முறையில் அணைத்து வைத்தார்கள். முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. முடிவு 2021இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரையாகவும் ஆக்கிவிட்டது, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று. என் மகளுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம், அதுவும் நான்காவது வாரத்திலிருந்து.

தாயிடம் பால் இல்லையென்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது, இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றிலும் உண்டு. வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கித்தான் கொடுக்க முடியும். நோய் எதிர்ப்புச் சத்தில் கொஞ்சம் அதில் போய்விடும். பெற்றவள் பக்கத்து வராந்தாவில் இருக்கும்போது முதலில் அவளைக் கவனிக்க வேண்டாமா?

34 வாரம் ஆனதும் ட்யூபை எடுத்துவிட்டு, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் கொடுத்தார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான், ஸ்டீலில். அதை எப்படிச் சரிப்பது என்று சிஸ்டருக்கு நான்தான் காட்டினேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 1,820 கிராமில் வீட்டுக்கு வந்தான்.

அடுத்த முறை கணக்கெடுக்கும்போது ஒவ்வொரு மருத்துவமனையிலும் கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள்: தாய்மார்களுக்குக் கட்டில் எத்தனை? பால் எடுக்கத் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா?

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
தஞ்சாவூர் மாவட்டம்