ஜீவாமிர்தத்தை வடிகட்டச் சொல்லுங்கள்: பயிற்சி தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மானியத்தில் சொட்டுநீர்க் கருவி வழங்கி, இயற்கை வேளாண் பயிற்சியும் நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருவையாற்றுப் பக்கம் கொள்ளிடப் படுகையில் இரண்டு ஏக்கர் பூவன் வாழை போட்டிருக்கிறேன். மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்கும் கரைசலான ஜீவாமிர்தத்தின் கணக்கைப் பயிற்சியில்தான் கற்றேன்: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், வெல்லமும் பயறு மாவும் இரண்டிரண்டு கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண். இரண்டு நாள் புளித்ததும் பாசன நீரோடு விடச் சொன்னார்கள். எப்படி விடுவது என்று மட்டும் சொல்லவில்லை.

முதலில் வாய்மடையில் பீப்பாயை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். முன்வரிசை மரங்கள் கரைசலைக் குடித்தன. கடைசி வரிசைக்குப் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான் போனது. டெல்டாவின் கடைமடைக் கதை என் வயலுக்குள்ளேயே நடந்தது. வாழையின் சல்லிவேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்வதால், தூரில் சொட்டினால் எல்லா மரத்துக்கும் சமமாகக் கிடைக்கும் என்று, சொட்டுநீர்க் குழாயில் கரைசலை உறிஞ்சிக் கலக்கும் வெஞ்சுரிக்கு மாறினேன். சில தடவை விடுவதற்குள் சாண நாரும் மாவுப் பிசினும் தண்ணீர் சொட்டும் டிரிப்பர்களை அடைத்துவிட்டன. கருவி பொருத்தியவர்கள் வைத்துப்போனது ஒரு சல்லடை வடிகட்டி மட்டும்.

இப்போது பழைய வேட்டியை இரட்டையாக மடித்து வடிகட்டுகிறேன், ஒரு பொழுது தெளியவிட்டு மேல்தெளிவை மட்டும் எடுக்கிறேன். கரைசல் போனபின் அரை மணி நேரம் நல்ல தண்ணீர். வாரம் ஒருமுறை பக்கக் குழாய்களின் முனையைத் திறந்து கழுவிவிடுகிறேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பருவம் ஆனது. துண்டறிக்கையில் நான்கு வரி போதும். மானியப் பட்டியலில் மணல் வடிகட்டியையும் சேருங்கள்.

இன்னொன்று. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,200 மரம் சொச்சம். 200 லிட்டரைப் பங்கிட்டால் மரத்துக்கு 165 மில்லி, ஒரு டம்ளர்கூட இல்லை. அது மண்ணில் நுண்ணுயிரை எழுப்பும். தோட்டக்கால் வாழைக்கு மரத்துக்கு 330 கிராம் என்று பரிந்துரைக்கும் சாம்பல்சத்தை (பொட்டாஷ்) கொண்டுவராது. "இது ஒன்றே போதும்" என்று மேடையில் சொல்லாதீர்கள். தார் வெட்டியபின், வாடல் நோயில்லாத மரத்தை வரப்பில் எறியாமல் துண்டுபோட்டு வயலிலேயே மூடாக்காக்கினால் கொஞ்சம் சாம்பல்சத்து திரும்பும்; மீதிக்கு என்ன வழி என்பதையும் பேசுங்கள்.

அடுத்த பயிற்சியை மண்டபத்தில் வைக்காமல் வயலில் வையுங்கள். என் வயலிலேயே வைக்கலாம். அடைத்த டிரிப்பர்களை ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பூவன் விவசாயி