கட்டைகளில் எழும் மாட வீதி: சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, உடன் வந்திருக்கும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகளின் அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்காக நடந்தன. மழையை முன்னிட்டு ஒரு கூட்டம் மட்டும் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, இவ்வாண்டு நம் நேரத்தையும் லெகோ பொம்மைக் கட்டைகளையும் முழுவதுமாக எடுத்துக்கொண்ட மயிலாப்பூர் மாட வீதி மாதிரிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு வரை நாம் காட்சிக்கு வைத்த ஊர், லெகோ நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவரும் மாடிக் கட்டட வரிசையை அடிப்படையாகக் கொண்டது. அவை அழகானவை என்பதிலோ, மாடிகளைத் தனித்தனியாகக் கழற்றி உள்ளே பார்க்கும் அந்த அமைப்பிலிருந்து நாம் நிறையக் கற்றுக்கொண்டோம் என்பதிலோ ஐயமில்லை. ஆனால் அது நாம் யாரும் நடந்திராத ஐரோப்பியத் தெரு. நம்மில் பலருக்கு முதல் மாதிரி ஊர் என்பது, பாட்டி வீட்டுக் கொலுப்படிகளின் கீழே மண்ணைக் குவித்து மலையாக்கி, கேழ்வரகு தெளித்துப் புல் முளைக்கவைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளமாக்கிய பூங்காதான். அந்தப் பூங்காவின் வழியில் நம் ஊரையே கட்டலாம் என்று சென்ற பொதுக்குழுவில் ஒருமனதாக எடுத்த முடிவை நிறைவேற்றுவதே இவ்வாண்டின் வேலையாக இருந்தது.

முதலில் அளவு விகிதம். 1978இல் அறிமுகமான லெகோ மனித பொம்மை ஏறக்குறைய 4 செ.மீ. உயரம் உடையது. அதை நடுத்தர உயரமுள்ள ஓர் ஆளாகக் கொண்டால் விகிதம் 1:42 என்று வருகிறது. கபாலீசுவரர் கோயிலின் ஏழு நிலைக் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி. இந்த விகிதத்தில் அது 87 செ.மீ., அதாவது 90 கட்டைகளுக்குச் சற்று மேற்பட்ட உயரம். இது செய்யக்கூடியதே. குளமோ சுமார் 190 மீட்டர் நீளமும் 143 மீட்டர் அகலமும் கொண்டது. அதை அப்படியே சுருக்கினாலும் நாலரை மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம் வேண்டும், 25.6 செ.மீ. சதுரமான அடிப்பலகைகள் 230க்கு மேல் தண்ணீருக்கு மட்டுமே தேவைப்படும். இரண்டு கூட்டங்களில் நீண்ட விவாதத்திற்குப் பின், குளத்தின் நீள அகலங்களை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பதென்றும், படி, கைப்பிடிச் சுவர், நடு மண்டபம் முதலாக மனிதன் தொட்டுப் பழகும் எதையும் குறைப்பதில்லை என்றும் முடிவாயிற்று. கோபுரத்தையும் முழு உயரத்திலேயே வைத்தோம். இதனால் கோபுரம் குளத்தை அமுக்கிவிடும் என்று சில உறுப்பினர்கள் கூறிய மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறேன். குளக்கரையில் நிற்பவர் தலையை உயர்த்தித்தான் கோபுரத்தைப் பார்க்கிறார் என்பதால் அந்த உயரத்தில் கைவைக்கக் கூடாது என்பதே என் கருத்தாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

குளத்துப் படிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன், ஏனெனில் இவ்வாண்டில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கண்டுபிடிப்பு அதில்தான் இருந்தது. லெகோவில் ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ.; தட்டையான பிளேட் ஒன்றின் உயரம் அதில் மூன்றில் ஒன்று, 3.2 மி.மீ.; கட்டையின் மேல் துருத்தியிருக்கும் ஒரு குமிழின் நடுவுக்கும் அடுத்த குமிழின் நடுவுக்கும் இடையே 8 மி.மீ. இவற்றை 42ஆல் பெருக்கிப் பாருங்கள்: பிளேட்டின் உயரம் பதின்மூன்றரை செ.மீ., குமிழின் அகலம் முப்பத்து மூன்றரை செ.மீ. கால் வைத்து இறங்கும் ஒரு கல்படியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய அவையே. ஒரு பிளேட் இறங்கி ஒரு குமிழ் உள்ளே நகர்த்தினால் ஒரு படி. வெட்டவோ ஒட்டவோ ஏமாற்றவோ தேவையில்லை. மேசைமேல் முதல் நான்கு படிகளை அடுக்கி, பொம்மையை ஒவ்வொன்றிலும் நிறுத்திப் பார்த்தபோது கூடியிருந்த அனைவரும் சிறிது நேரம் பேசவில்லை.

இறங்கும் படி வேண்டுமானால் சுற்றியுள்ள ஊர் உயர வேண்டும். படிகளைப் பன்னிரண்டாகக் குறைத்துக்கொண்டோம். பன்னிரண்டு பிளேட் என்பது நான்கு கட்டை உயரம். எனவே மாட வீதி, கடைகள், கோபுரம் அனைத்தையும் நான்கு கட்டை உயரத் தூண்கள்மேல், உள்ளே வெற்றிடம் விட்டுத் தூக்கி நிறுத்தினோம். கணினியில் வரைந்து பார்த்த திட்டத்தில் எல்லாம் நேராகவே இருந்தன; ஆனால் அந்த மென்பொருளுக்குப் பாரம் தெரியாது. கோபுரத்தின் எடையில் அடிப்பலகை நடுவில் வளைந்து, உச்சி வடக்கே சாய்ந்தது. பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒவ்வொரு பகுதியின் அடியிலும் 12 மி.மீ. பிளைவுட் பலகை கொடுத்து இதைத் தீர்த்துவைத்தார். பக்கத்துப் பகுதிகளைக் கட்டட வரிசையில் வருவது போலவே டெக்னிக் எனப்படும் லெகோ வகையின் முளைகளால் இணைத்திருக்கிறோம்.

தண்ணீரின் நிறத்தைப் பற்றியும் கருத்து வேறுபாடு எழுந்தது. குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பதால் நீலம் வேண்டும் என்றார்கள் சிலர். ஒரு விடியற்காலையில் நால்வர் குளக்கரைக்கே சென்று பார்த்துவந்த பின், கரும்பச்சைப் பிளேட்டின்மேல் குமிழில்லாத, ஒளி ஊடுருவும் பச்சை டைல் பதிப்பதென்று முடிவு செய்தோம். நடு மண்டபத்தின் நிழல் விழும் இடத்தில் மட்டும் அடியில் கறுப்பு.

கோபுரம் கட்டுவதில் இரண்டு இடர்கள். மேலே போகப் போக அது குறுக வேண்டும். நிலைக்கு ஒரு குமிழாகக் குறைத்தால் படிக்கட்டு போல முரட்டுத்தனமாகத் தெரிகிறது. ஆகவே நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள ஜம்பர் பிளேட்டைப் பயன்படுத்தி அரைக் குமிழ் அளவாகக் குறுக்கினோம். சுதை வேலையின் நெருக்கத்தைக் காட்ட, குமிழ்கள் வெளிப்புறம் நோக்குமாறு கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தினோம். ஐந்து பிளேட்டின் உயரமும் இரண்டு குமிழின் அகலமும் சரியாக 16 மி.மீ. என்பதால் இவ்வாறு திருப்பியவை இடைவெளியின்றி உட்காருகின்றன. சிறு வட்டத் தட்டுகள், பூக்கள், பொம்மைகளின் தனிக் கைகள் ஆகியவற்றால் நிறமும் அசைவும் தெரியும்படி செய்தோமே தவிர, தெய்வ உருவம் எதையும் நாம் செய்யவில்லை. கருவறையும் மாதிரியில் இல்லை. பொம்மைத் தலையை ஒரு மூர்த்தத்திற்கு வைப்பது முறையாகாது என்று எவரும் வற்புறுத்தாமலே எல்லோருக்கும் தோன்றியது.

செப்டம்பரில் நேர்ந்த ஒரு விபத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒத்திகைக்காகக் கோபுரத்தை ஒரே உருவாக வாடகை வண்டியில் ஏற்றிச் சென்றபோது, திடீரெனப் பிரேக் போட்டதில் மேல் நான்கு நிலைகள் சரிந்து நொறுங்கின. ஏற்றும் முறையைத் தீர்மானித்தவன் நான், பொறுப்பும் என்னுடையது. பசை போட்டு ஒட்டிவிடலாம் என்ற யோசனை அன்றிரவே எழுந்தது. ஒட்டிய கட்டை மறுபடி கட்டையாகாது என்று பெரும்பாலோர் மறுத்ததில் எனக்கு ஆறுதல். அதற்குப் பதிலாக ஏழு நிலைகளையும் தனித்தனியே கழற்றி, ஏழு பெட்டிகளில் கொண்டுபோகும்படி மாற்றிக் கட்டினோம். பதினேழு நாள்களில் அவ்வேலையை முடித்த உறுப்பினர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டுள்ளது.

கட்டைகள் திரட்டியதைப் பற்றி. பொம்மைகள் மீதான இறக்குமதித் தீர்வை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்த்தப்பட்டதிலிருந்து புதிய பெட்டி வாங்குவது எல்லா வீட்டுக்கும் இயலும் காரியமாக இல்லை. எனவே உறுப்பினர்களின் வீட்டுப் பரண்களில் இருந்தவற்றைத் திரட்டினோம். பிரிக்கும்போது நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தின்படி பிரித்தோம். குவியலில் சிவப்பைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். சிவப்புக் குவியலுக்குள் ஒரு சிறு வளைவுத் துண்டைத் தேடுவதுதான் அரைமணி நேரம் பிடிக்கும். சன்னலோரம் வைத்திருந்த வெள்ளைக் கட்டைகள் பல வெயிலில் மஞ்சளாகியிருந்தன. அவற்றை வீணாக்காமல், காரை பெயர்ந்த பழைய வீட்டுச் சுவர்களுக்குப் பயன்படுத்தினோம். புதுக் கட்டையால் அந்த நிறத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது.

இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினருக்கு இப்பொதுக்குழு எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியது. அவருடைய கட்டைகள் அனைத்தையும் மாமி சங்கத்திற்கே கொடுத்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பிஸ்கட் டின்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் அவர் கையெழுத்தில் “ஓடு”, “தூண்”, “சன்னல் கம்பி”, “படி” என்று எழுதிய காகிதம். 1970களில் உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கட்டைகள் அவற்றில் பாதி. 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே பிடிப்பு முறை இன்றும் மாறாததால், அவை புதியவற்றோடு பிசகின்றிப் பொருந்துகின்றன. வடக்கு மாட வீதித் திண்ணை வீட்டின் ஓட்டுக்கூரை முழுவதும் அவர் டின்னிலிருந்து வந்ததே.

அந்தத் திண்ணையில் ஒரு குறை இருக்கிறது. லெகோ பொம்மைக்கு இடுப்பில்தான் மடிப்பு உண்டு, முழங்காலில் இல்லை. சம்மணமிட்டு உட்கார அதனால் இயலாது. பெரியவரைக் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தோம். பூக்காரம்மாவுக்குக் காலுக்குப் பதில் சரிவுக் கட்டை வைத்துப் புடவை மடிப்பாக்கித் தரையோடு அமர்த்தினோம். ஆட்டோ மட்டும் தானாகவே அமைந்தது: நான்கு குமிழ் அகலம் 1:42இல் 1.3 மீட்டருக்குச் சற்று மேல், ஏறக்குறைய உண்மை ஆட்டோவின் அகலமே.

நவராத்திரியை ஒட்டி அக்டோபர் 3 முதல் 12 வரை நடந்த காட்சியைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். மூன்றாம் நாள், அவ்வீதியிலேயே பூ விற்கும் ஓர் அம்மாள் பேத்தியோடு வந்து, வடசாரியில் நாம் வைத்திருந்த பூக்கடையை வெகுநேரம் பார்த்துவிட்டு, “காலையில அந்தப் பக்கம் வெயில் மொகத்துல அடிக்கும் சார், நாங்க யாரும் அங்க கடை போட மாட்டோம்” என்றார். எதிரே தென்சாரிக் கட்டடங்களின் நிழல் தெருவின் தென்பாதியில் விழுவதை, இரண்டு முறை அளவெடுக்கப் போன நாம் கவனிக்கவில்லை. அன்று மாலையே கடையைத் தென்சாரிக்கு மாற்றினோம். மறுநாள் அவர் மீண்டும் வந்து பார்த்துத் தலையசைத்துப் போனதை இவ்வாண்டின் பாராட்டுகளில் முதலாவதாகக் கருதுகிறேன்.

குழந்தைகள் வகுப்பு மாதம் ஒருமுறை நடந்தது. எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஒரே நிறத்தில் ஆறு மட்டும் கொடுத்து, அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று சொல்லித் தொடங்கும் பழக்கத்தைத் தொடர்கிறோம். வகுப்புக்கு இன்னும் இரண்டு பயிற்றுநர்கள் தேவை. விருப்பமுள்ளோர் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பவை: காய்கறிக் கடைகளோடு கூடிய தெற்கு மாட வீதியைக் கட்டுதல், குளத்தின் மேற்குக் கரைப் படிகளை முடித்தல், பங்குனித் திருவிழாவின் அறுபத்துமூவர் நாளைக் காட்ட முடியுமா என்று ஆராய்தல். அந்நாளின் கூட்டத்தைக் காட்டும் அளவுக்குப் பொம்மைகள் நம்மிடம் இல்லை. வீட்டில் கை, தலை உடைந்த பொம்மைகள் இருந்தாலும் தயவுசெய்து எறியாமல் கொண்டுவாருங்கள். கூட்டத்தின் நடுவில் நிற்பவருக்குத் தோள் வரை இருந்தால் போதும். தெற்கு வீதிக்கு அளவெடுக்க, அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, கடைகள் பரப்புமுன், குளத்தின் தென்கிழக்கு மூலையில் கூடுகிறோம். அளவு நாடா சங்கத்தில் இருக்கிறது. தாளும் பென்சிலும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்