சோறு எறங்காத நோவு எல்லா வயசுலயும் ஒரே மாதிரி வராதுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழமை நம்ம பேப்பர் இணைப்புல ஈட்டிங் டிஸார்டர், அதாவது சாப்பாட்டு விஷயத்துல வர்ற மனநோவுகள பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல விஷயம்தான், இதையெல்லாம் தமிழ்ல யாரு எழுதறாங்க. ஆனா படம் என்னன்னா ஒரு காலேஜ் பொண்ணு கண்ணாடி முன்னாடி நின்னு இடுப்ப அளந்து பாக்குது, உள்ளார எழுதுனதும் பூராவும் ஸ்லிம் ஆகற மோகம், நடிகைங்கள பாத்து கெட்டுப்போறாங்கன்னே போகுது. படிச்சுட்டு ரெண்டு நாளா மனசு ஆறலைங்க. அதான் போன்லயே டைப் பண்ணி அனுப்பறேன், பிழை இருந்தா நீங்களே திருத்திக்கோங்க.

நான் கோபி பக்கம் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா இருந்து ரிடையர் ஆனவ. ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்ததும் செவுத்துல ஒட்டுன டேப்புக்கு கீழ புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு, தலைமேல ஸ்கேல படுக்க வெச்சு ஒசரம் பாத்து, அப்பறம் எடை மெஷின்ல ஏத்தி ரிஜிஸ்டர்ல எழுதறதுதான் என்ற மொத வேலை. ஒரு வருஷம் ஏழாவது படிக்கற புள்ள ஒண்ணு வந்து நின்னுச்சு. போன வருஷம் 138 செ.மீ., 32 கிலோ. இந்த வருஷமும் அதே 138, எடை 29. டேப்பு சரியா ஒட்டலையாட்ட இருக்குன்னு நான் டேப்பத்தான் அவுத்து மறுபடி ஒட்டுனேனுங்க. அந்தப் புள்ள கிரவுண்டுல நெம்ப சுறுசுறுப்பு, மத்ததுக வேப்பமர நெழல்ல உக்காந்து கதை பேசுனா இது மட்டும் சுத்திச் சுத்தி ஓடிட்டே இருக்கும், நானும் ப்ரேயர்ல எல்லாரு முன்னாடியும் கூப்புட்டு நிக்க வெச்சு கை தட்டச் சொன்னேன். தீபாவளி லீவுக்கு முன்னாடி வகுப்புலயே மயங்கி விழுந்து, கோயமுத்தூருக்கு கொண்டுபோய் சேத்துனப்ப நாடி நிமிஷத்துக்கு வெறும் 44னு சொன்னாங்களாம். நான் கை தட்ட வெச்ச ஓட்டமும் சீக்குல சேந்ததுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

ஆஸ்பத்திரில டாக்டரம்மா மொதல்ல கேட்டதே "ஸ்கூல்ல ஒசரம் எடை எழுதி வெச்சிருப்பாங்களே, அது வேணும்"னுதான். ஜெராக்ஸ் எடுத்துட்டு நானே போனேன். அவங்க அந்த ரெண்டு வரியையும் பேனாவுல சுத்திட்டு சொன்னது இன்னும் காதுல இருக்கு. டீச்சர், நீங்க மூணு கிலோ கொறஞ்சதுன்னு பாக்கறீங்க, ஆனா வளர்ற வயசுல வருஷத்துக்கு அஞ்சாறு செ.மீ. ஒசரமும் மூணு நாலு கிலோ எடையும் ஏறியிருக்கணும், ஏற வேண்டியது ஏறாம இருந்ததையும் சேத்தா ஆறேழு கிலோ போயிருக்குன்னு கணக்கு, அப்படின்னாங்க. பெரியவங்களுக்கு எடை எறங்குனாத்தான் நோவு, கொழந்தைக்கு எடை ஏறாம நின்னாலே நோவு. உடம்புல கொழுப்பு சேமிப்பே கம்மிங்கறதால சின்னதுக வேகமா விழுந்துருமாம், ஒசரம் நின்னு போகும், எலும்பு கெட்டிப்படற வயசுல கெட்டிப்படாது, பெரியபுள்ள ஆகறதும் தள்ளிப்போகும். அந்த ஊட்டுல என்னடான்னா 'தெரட்டி சீர் எப்பன்னு ஒறம்பரையெல்லாம் கேக்கறாங்க'ன்னு அதுதான் பெரிய கவலையா இருந்துச்சு.

நீங்க போட்ட கட்டுரைல நான் சொல்ல வர்ற குறை இதுதானுங்க. எந்த வயசுல ஆரம்பிக்குதுங்கறத வெச்சு இந்த நோவோட மொகமே மாறுது. சின்ன வயசுல வர்ற புள்ளைங்க 'நான் குண்டாயிருவேன்'னு பெரும்பாலும் வாயத் தொறந்து சொல்லாதுக, வவுறு திம்முனு இருக்கு, கொமட்டுது, பசியில்லைம்பாங்க, சிலதுக தண்ணி குடிக்கறதையும் நிறுத்திருமாம். தின்னுட்டு வாந்தி எடுக்கறது, பேதி மாத்திரை போடறதெல்லாம் இதுகள்ட்ட கம்மி, அது வயசு ஏற ஏற வர்ற பழக்கம். பசங்களும் சின்ன வயசுல எச்சா இருப்பாங்க, டீன் ஏஜ்ல வந்தாத்தான் பெரும்பாலும் பொண்ணுங்க. வேலூர் சிஎம்சி டாக்டருங்க 2007ல கொழந்தைங்களையும் வளரிளம் வயசு புள்ளைங்களையும் பத்தி எழுதுன கட்டுரைல கூட அவங்கட்ட இந்த மாதிரி நோவோட வந்ததுல முக்காவாசிக்கு மேல மனசால வர்ற வாந்திதான், எடை ஏறக் கூடாதுன்னு சோத்த ஒதுக்கற அனோரெக்சியா கொஞ்சந்தான். அப்ப நம்ம தமிழ்நாட்டுப் புள்ளைங்க கண்ணாடி முன்னாடி நிக்கறதில்லைங்க, பொடக்காளில வாந்தி எடுத்துட்டு நிக்கறாங்க.

அப்பறம் சினிமா. அனோரெக்சியா நெர்வோசாங்கற பேர லண்டன் டாக்டர் வில்லியம் கல் வெச்சது 1870கள்ல. அப்ப சினிமா ஏது, இன்ஸ்டாகிராம் ஏது? அதெல்லாம் ஏத்தி விடும், இல்லைங்கல, ஆனா அதுமட்டுமே காரணம்னு எழுதுனா புள்ளைய பெத்தவங்க போன புடுங்கி வெச்சுட்டு வேலை முடிஞ்சுதுன்னு உக்காந்துக்குவாங்க. இன்னொண்ணு, பட்டினியே புத்திய மாத்திரும். அமெரிக்காவுல மினசோட்டாவுல 1944-45ல அன்சல் கீஸ்னு ஒருத்தர் நல்ல தெடமான 36 ஆம்பளைங்கள தெரிஞ்சே அரைப்பட்டினி போட்டுப் பாத்தாரு, அவங்க நாள் பூராவும் சோத்தப் பத்தியே பேசி, சமையல் புஸ்தகத்தையே படிச்சுட்டு, எரிச்சலும் சோர்வுமா ஆயிட்டாங்க. நம்ம ஏழாவது புள்ளையும் அதேதான், அவங்கம்மா சொல்றாங்க, ராத்திரியெல்லாம் யூடியூப்ல சமையல் வீடியோதான், ஞாயித்துக்கெழம ஊட்டுல எல்லாத்துக்கும் அரிசிம்பருப்பு சாதம் செஞ்சு போட்டு நெய்யும் ஊத்தி விட்டுட்டு தான் மட்டும் வட்டல கழுவி கவுத்தி வெச்சிருமாம். 'எங்க புள்ள எவ்வளவு பொறுப்பு பாரு'ன்னு அவங்க பெருமையா சொல்லிட்டு இருந்திருக்காங்க.

என்ற தம்பி பேரன் கதை வேற. பத்து வயசு. தோட்டத்துல பச்சை நெலக்கடலை தின்னுட்டு இருந்தப்ப ஒண்ணு தொண்டைல சிக்கி மூச்சு முட்டிப்போச்சு, முதுகுல தட்டி வெளிய வந்துருச்சு, அதோட முடிஞ்சுதுன்னு இருந்தோம். மறுநாள்ல இருந்து கெட்டியா எதையும் தொடலை, மொதல்ல கறி போச்சு, அப்பறம் சப்பாத்தி, அப்பறம் சோறு, கடைசில தயிர கலக்கிக் குடிக்கறதும் வாழைப்பழத்த மசிச்சு நக்கறதும்தான். நாங்க என்ன பண்ணுனோம்? தொக்கம் எடுக்கற ஆளுகிட்ட கூட்டிட்டுப் போனோம், ஒரு தடவை இல்ல மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் என்னமோ எடுத்துக் காட்டி இதுதான் சிக்கியிருந்துச்சுன்னாரு. பூச்சி மருந்து, பசி டானிக், குலதெய்வக் கோயில்ல கயிறு. எண்டாஸ்கோப்பி பாத்தாங்க, ஒண்ணுமில்லைன்னாங்க. ஒண்ணுமில்லைன்னா நடிக்கறான்னு அவங்கப்பன் கை நீட்டிட்டான். அஞ்சு மாசம் கழிச்சுத்தான் அர்ஃபிட்னு பேரு தெரிஞ்சுது. குண்டாயிருவோம்னு பயமே இல்ல, ஒடம்பு எப்பிடி இருக்குன்னு கவலையே இல்ல, முழுங்குனா செத்துருவோம்னுதான் பயம். சில புள்ளைங்களுக்கு வழவழப்பு, வாசம் ஆகாம வருமாம், சிலதுகளுக்கு பசியே கெடையாதாம். இப்பிடி ஒண்ணு தனியா இருக்குன்னு அமெரிக்க மனநல டாக்டருங்க சங்கத்தோட டிஎஸ்எம்-5 கைப்புத்தகத்துல 2013லதான் சேத்தாங்க. அதே வருஷம் அனோரெக்சியான்னு சொல்ல மாதவெலக்கு நின்னிருக்கணும்ங்கற விதியையும் எடுத்துட்டாங்க. எடுக்காம என்ன, இன்னும் பெரியவளே ஆகாத புள்ளைக்கும் ஆம்பளப் பையனுக்கும் அது எப்பிடிங்க பொருந்தும்?

உங்க கட்டுரைல வந்த காலேஜ் பொண்ணு இல்லவே இல்லைன்னு நான் சொல்லலை. அனோரெக்சியா எச்சா ஆரம்பிக்கறது பதினாலு பதினஞ்சுல இருந்து பதினெட்டுக்குள்ள, அள்ளித் தின்னுட்டு வாந்தி எடுத்து வெளிய தள்ளற புலிமியா அதுக்கப்பறம், காலேஜ் சேர்ற வயசுல. புலிமியாவுல எடை பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும், அதனால பாத்தா தெரியாது. எங்க ஸ்கூல்ல படிச்சு நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல சேந்த ஒரு புள்ளைய கண்டுபுடிச்சது பல் டாக்டருங்க, முன்பல்லோட உள்பக்கம் எனாமல் கரைஞ்சிருந்துச்சாம், வாந்தில வர்ற அமிலத்தால. தொண்டைல வெரல விட்டு வாந்தி எடுக்கறப்ப பல்லு பட்டுப் பட்டு வெரல் மூட்டுல காய்ப்பும் இருந்துச்சாம். வார்டனம்மாங்களுக்கு ஒரு வார்த்தை: சாப்புட்டதும் பாத்ரூம் போய் பைப்ப தொறந்து விடற புள்ளைய திட்டாதீங்க, தனியா கூப்புட்டு கேளுங்க. வாந்தி எடுத்து எடுத்து ரத்தத்துல பொட்டாசியம் கொறஞ்சா இதயமே நின்னு போகலாம், வெளையாட்டில்ல.

அடக்க முடியாம அள்ளித் தின்னுட்டு அப்பறம் வெக்கப்படற பிஞ்ச் ஈட்டிங் இன்னும் தள்ளி, இருவது வயசுக்கு மேலதான் எச்சா வரும், அதுல ஆம்பளைங்களும் நெறைய. அதுக்கெல்லாம் நம்ம ஊர்ல 'நல்ல சாப்பாட்டுக்காரரு'ன்னு பேரு வெச்சுருவோம். நாப்பது அம்பதுல சோறு வேண்டாம்னு எளைச்சா மொதல்ல தைராய்டு, சக்கரை, டிபி, கேன்சர் எல்லாம் பாத்துரணும், அதுதான் சரி. ஆனா அதெல்லாம் நார்மல்னு வந்தப்பறமும் 'விரதம் நெறைய இருக்கறாங்க'ன்னு விட்டுரக் கூடாதுங்க, சின்ன வயசுல வந்துட்டுப் போனது புருசன் செத்தப்பவோ புள்ளைய கட்டிக்குடுத்தப்பவோ சில பேருக்கு திரும்பி வரும்.

வைத்தியத்துக்கும் வயசு முக்கியம். லண்டன்ல மாட்ஸ்லி ஆஸ்பத்திரில 80 பேர வெச்சு பாத்து 1987ல எழுதுனாங்க, பதினெட்டு வயசுக்குள்ள ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகாம இருக்கற அனோரெக்சியாவுக்கு குடும்பத்தையும் சேத்து பண்ற வைத்தியம் நல்லா கேட்டுச்சு, பெருசானப்பறம் வந்தவங்களுக்கு அப்பிடி கேக்கலை. அதுல மருந்து பெருசில்லைங்க, பெத்தவங்க பக்கத்துல உக்காந்து, வட்டல்ல என்ன எவ்வளவுன்னு அவங்களே போட்டு, முடிக்கற வரைக்கும் எந்திரிக்காம இருந்து, எடை ஏறுனப்பறம் கொஞ்சங்கொஞ்சமா புள்ள கையிலயே விட்டுர்றது. நம்ம கூட்டுக் குடும்பத்துல இது சுலபம்னு நெனைப்பீங்க. ஏழாவது புள்ள ஊட்டுல அம்மா ரெண்டு இட்லி வெச்சா அப்பத்தா 'பாவம் புள்ள அழுகுது, விடு சாமி'ன்னு ஒண்ண எடுத்துரும், சித்தப்பன் வந்து 'இப்பத்தான் அம்மிணி நல்லா சிக்குனு இருக்கற'ம்பான், எல்லாத்தையும் ஒரே பேச்சுல நிறுத்தறதுக்குள்ள டாக்டரம்மாவுக்கே போதும் போதும்னு ஆயிருச்சு. இன்னொண்ணு நெம்ப முக்கியம், நாள்கணக்கா தின்னாத புள்ளைக்கு பாசத்துல ஒரே நாள்ல கறியும் சோறும் திணிச்சுராதீங்க, ரத்தத்துல பாஸ்பரஸ் சடார்னு எறங்கி உயிருக்கே ஆபத்தாகும், டாக்டர் சொல்ற அளவுல ஏத்திட்டு வரணும்.

அதனால அய்யா, அடுத்த வாரமாச்சும் பத்து வயசுப் பையனையும் அம்பது வயசு அம்மாவையும் சேத்து இன்னொரு கட்டுரை போடுங்க, அந்த கண்ணாடி படம் வேண்டாம். கூடவே டெலி மானஸ் நம்பர் 14416ஐ கொட்ட எழுத்துல போடுங்க, காசில்லாம தமிழ்ல எந்நேரமும் பேசலாம், எங்க ஊட்டுல அஞ்சு மாசம் தொக்கத்துக்கு அலைஞ்சப்ப இப்பிடி ஒண்ணு இருக்கறது எங்களுக்கு தெரியாது. பி.டி. மாஸ்டருங்க யாராச்சும் இத படிச்சா, இந்த வருஷ ரிஜிஸ்டர எழுதி முடிச்சுட்டு போன வருஷத்தத பக்கத்துல வெச்சு ஒசரத்த மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, ஒரு வகுப்புக்கு பத்து நிமிஷம் ஆகும்.

கடுதாசிய போட்டா என்ற பேரு வேண்டாமுங்க. அந்த ஏழாவது புள்ளைய இப்ப இந்தப் பக்கத்துலயேதான் கட்டிக் குடுத்திருக்காங்க, பேரப் பாத்தா அவளுக்கு தெரிஞ்சுரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர்,
கோபிச்செட்டிபாளையம்.