வெட்டிய வீடியோ எங்கே போகிறது?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெரியவளுக்குத் தேர்வு, வீடே பதற்றத்தில் இருந்தது. இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. நீ எழுதிக் கொடுத்த முட்டிப் பயிற்சிகளை விடாமல் செய்கிறேன். படி ஏறும்போது முனகுவது குறைந்திருக்கிறது, இறங்கும்போது மட்டும் பழைய கதைதான். கருத்தரங்கில் பேச உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். எப்போதோ கூப்பிட்டிருக்க வேண்டும்.

சரி, உன் தலைவலிக்கு வருகிறேன். பன்னிரண்டு ஸ்லைடுதான், ஆனால் ஃபைல் 400 எம்.பி.க்கு மேல் போய் மெயில் திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். கனம் ஸ்லைடுகளில் இல்லை, நோயாளிகள் நடக்கும் அந்த மூன்று வீடியோக்களில் இருக்கிறது. ஒரு வீடியோ விநாடிக்கு 16 மெகாபிட் வேகத்தில் பதிவாகியிருந்தால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது விநாடிக்கு 2 மெகாபைட். நிமிடத்துக்கு 120 எம்.பி. ஆகிவிடும். மெயிலில் பல இடங்களில் 25 எம்.பி.தான் எல்லை. அதிலும் இணைப்பு போகும்போது எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும், அதனால் 20 எம்.பி. ஃபைல்கூடச் சில இடங்களில் திரும்பி வரும். ஃபைலைச் சுருக்கிப் பொட்டலம் கட்டும் ஜிப்பையும் செய்து பார்த்தேன், குறையவே இல்லை என்றாயே, குறையாது. எம்பி4 வீடியோ ஏற்கெனவே இறுக்கிச் சுருக்கப்பட்டது, அதை மேலும் பிழிய ஜிப்பால் முடியாது.

ஆனால் உன் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஃபைலின் அளவு இல்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: ‘ஆரம்பத்தில் அவர்களிடம் பெயரும் நோயும் கேட்கும் பகுதியை பவர்பாயின்ட்டிலேயே வெட்டிவிட்டேன்.’ வெட்டவில்லை வசந்தி, மறைத்திருக்கிறாய். அங்கே இருக்கும் ‘ட்ரிம் வீடியோ’ எந்த விநாடியில் தொடங்க வேண்டும், எதில் நிறுத்த வேண்டும் என்று குறித்து வைப்பதோடு சரி. முழு வீடியோவும் ஃபைலுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். வாங்குகிறவர் அதே ட்ரிம் பெட்டியைத் திறந்து பச்சைக் குறியை இடப்பக்கம் இழுத்தால் போதும், அந்த அம்மா தன் பெயரைச் சொல்வது கேட்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் நீயே பார். ஃபைலை ஒரு பிரதி எடுத்துக்கொள். பெயரின் கடைசியில் இருக்கும் பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்று. விண்டோஸ் எச்சரிக்கும், பரவாயில்லை, சரி என்று சொல். 2007-இல் வந்த இந்த வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தான். திறந்தால் உள்ளே ‘பிபிடி’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘மீடியா’ என்று இன்னொன்று. அங்கே உன் மூன்று வீடியோக்களும் மீடியா1, மீடியா2 என்று வரிசையாக, முதல் விநாடி முதல் கடைசி வரை முழுசாகக் கிடக்கும். பக்கத்தில் உன் படங்களும் இருக்கும். எக்ஸ்ரேயின் மூலையில் இருந்த பெயரை நீ கிராப் செய்து, அதாவது ஓரத்தை வெட்டி எடுத்திருந்தால் அதுவும் இதே கதைதான். படத்தைச் சுருக்கும் பெட்டியில் வெட்டிய பகுதியை நீக்கச் சொல்லும் குறியைப் போட்டால்தான் அது போகும்.

என்ன செய்யலாம்? பவர்பாயின்ட்டுக்குள்ளேயே ஒரு வழி உண்டு. ஃபைல், இன்ஃபோ, கம்ப்ரஸ் மீடியா என்று போனால் 1080, 720, 480 என மூன்று தரம் காட்டும். 720 போதும். அது வீடியோவைச் சுருக்கும்போது ட்ரிம் செய்த பகுதியையும் நீக்கிவிடும். ஆனால் வீடியோவுக்குள்ளேயே வசனவரி ஏதும் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். தரம் பிடிக்கவில்லையென்று பிறகு பழையபடி ஆக்கவும் முடியாமல் போகலாம், அதனால் மூலப் பிரதியை வேறு பெயரில் வைத்துக்கொண்டு அப்புறம் செய். முடித்ததும் ஜிப் சோதனையை மறுபடி செய்து பார். நோயாளி விஷயத்தில் மென்பொருள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது.

என்னைக் கேட்டால் இந்த வேலையை பவர்பாயின்ட்டுக்குள் செய்யவே வேண்டாம். வீடியோவை வெளியிலேயே வெட்டிச் சுருக்கி, தயாரானதை மட்டும் ஸ்லைடில் வை. ஹேண்ட்பிரேக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. எந்த விநாடி முதல் எந்த விநாடி வரை வேண்டும் என்று கொடுத்து, ‘ஃபாஸ்ட் 720பி30’ என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒருவர் நடக்கும் வீடியோவில் சலனம் குறைவு, பின்னணியும் வெறும் சுவர், அதனால் நன்றாகவே இளைக்கும். பாதத்தின் கோணத்தைக் காட்டும் அந்த ஒன்றை மட்டும் 1080-இல் வைத்துக்கொள், அதில் தெளிவு முக்கியம். ஒலி தேவையில்லை என்றால் ஒலித்தடத்தையே எடுத்துவிடு. பேச்சு என்ற கவலையே இருக்காது.

இன்னொன்றும் இதிலேயே தீரும். உன் ஐபோன் வீடியோ ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிறது, இன்னொன்றில் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கிறது என்றாயே, அது பெரும்பாலும் ஹெச்இவிசி என்ற புது முறையில் பதிவானதாக இருக்கும். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்களில் அது வழக்கமாகிவிட்டது, அதைப் படிக்கும் வசதி எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்காது. ஹெச்.264 காட்சி, ஏஏசி ஒலி, எம்பி4 பொட்டலம், இந்த மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய எங்கும் ஓடும். அடுத்த முறை போனிலேயே கேமரா அமைப்பில், ஃபார்மட்ஸ் என்பதற்குள், ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிவிட்டுப் படம் எடு.

வீடியோ ஸ்லைடுக்குள்ளேயே இருக்கிறதா, வெறும் இணைப்பா என்பதையும் பார்த்துவிடு. பவர்பாயின்ட் 2010 பதிப்பிலிருந்து சாதாரணமாக உள்ளேயே வைத்துவிடும். ‘லிங்க் டு ஃபைல்’ கொடுத்திருந்தால் ஸ்லைடில் இருப்பது வீடியோ கிடக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான், உன் லேப்டாப்பைத் தாண்டினால் அது செல்லாது.

இப்போது அனுப்பும் விஷயம். மேடைக்குப் போகும் ஃபைலும், பிரதி வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கொடுக்கும் ஃபைலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது என்பது என் கட்சி. மேடைக்கு, வீடியோ உள்ளடங்கிய பிரசென்டேஷனை பென்டிரைவில் எடுத்துப் போ, வீடியோக்களைத் தனியாகவும் பக்கத்தில் போட்டு வை. அரங்கின் கணினியிலேயே ஒருமுறை ஓட்டிப் பார். கேட்டவர்களுக்கு பிடிஎஃப் கொடு. அதில் வீடியோ ஓடாது, அசையாத படமாக நிற்கும். எதுவும் செய்யாவிட்டால் முதல் காட்சி, அதாவது வெறும் சுவர்தான் விழும். அதனால் குதிகால் தரையைத் தொடும் கணத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு ‘போஸ்டர் ஃபிரேம்’ என்பதில் ‘கரண்ட் ஃபிரேம்’ கொடு. அந்த ஒரு படமே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடும்.

இணையத்தில் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சுலபம்தான். ஆனால் அந்த நோயாளிகள் எதற்குச் சம்மதித்தார்கள்? ஒரு அரங்கில் மருத்துவர்கள் முன் காட்டத்தானே? லிங்க் கைமாறிக்கொண்டே போகும். முகம் தெரிகிற வீடியோவை நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். மற்றபடி முடிவு உன்னுடையது, உன் துறையின் நெறி உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நீ ஏற்கெனவே அமைப்பாளர்களுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தால், இன்றைக்கே அவர்களிடம் சொல்லி அழிக்கச் சொல். புதியது தயாரானதும் எனக்கும் ஒன்று அனுப்பு, என் பழைய கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். அதில் ஓடினால் எந்த அரங்கிலும் ஓடும். அப்புறம், முட்டிக்குப் படி இறங்கும் பயிற்சி ஏதாவது இருந்தால் எழுது.

அன்புடன்,
உமா