காரை நம் வாசலில் விட்டுவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் கச்சேரிக்கு நீ டிக்கெட் எடுத்திருப்பதாகச் சின்ன அத்தை சொன்னாள். இரண்டு டிக்கெட்டாம். பெங்களூரிலிருந்து நீயே காரை ஓட்டிக்கொண்டு வருகிறாயாம். நீ ஓட்டக் கற்றுக்கொண்டதே எனக்குத் தெரியாது. எதிர் வீட்டு மாமாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

காரை மட்டும் நந்தனத்துக்குக் கொண்டுபோகாதே. போன வாரம் ஸ்கூட்டரில் போய் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தேன். அண்ணா சாலையில் நிறுத்தவே முடியாது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை வேறு நடக்கிறது. சி.ஐ.டி. நகர் தெருக்களில் விட்டால் கேட்டை மறிக்கிறது என்று வீட்டுக்காரர்கள் சத்தம் போடுவார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உள்ளே இடம் கிடைத்தாலும், முடிந்ததும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில்தானே வெளியே வரும்? 2023 செப்டம்பரில் பனையூர் கச்சேரிக்குப் போனவர்கள் ஈ.சி.ஆரில் நின்றதையும், டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் எத்தனையோ பேர் திரும்பியதையும் நீயும் படித்திருப்பாய்.

பைபாஸில் பெருங்களத்தூர் வந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடி. காரை நம் வாசலில் விடு. துளசி மாடத்தையும் தொட்டிகளையும் பின்பக்கம் நகர்த்திவிட்டேன். டேப் வைத்து அளந்தேன், எட்டு அடி இருக்கிறது, கண்ணாடியை மடக்கினால் தாராளமாக நுழையும். அங்கிருந்து நங்கநல்லூர் ரோடு மெட்ரோ. ஆலந்தூர், கிண்டி, சின்னமலை, சைதாப்பேட்டை, அடுத்தது நந்தனம். மாற வேண்டியதே இல்லை. திரும்பி வரவும் அட்டையில் முன்னாலேயே பணம் போட்டு வை. அவ்வளவு கூட்டத்தில் போனில் சிக்னல் இருக்காது, டாக்சியும் கிடைக்காது. மெட்ரோ ராத்திரி 11 மணி வரைதான். பத்தரைக்குள் ஸ்டேஷனுக்குள் இரு. கடைசிப் பாட்டு போனால் போகட்டும். கார் வேண்டாம், சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு இப்போது முட்டி வலி பரவாயில்லை. தீபாவளிக்கு உன் போன் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீவுத்திடல் கச்சேரி உனக்கு நினைவிருக்கும். அப்போது ஒன்பதாவது படித்தாய். இடம் தேடி ஒன்றேகால் மணி நேரம் சுற்றினேன். டோக்கன் கொடுக்கிற பையன் இடமில்லை என்றான். அவன் சட்டையைப் பிடித்தேன். அதற்குள் உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நீ ஜன்னலை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய். கண்ணாடியை ஏற்று என்று கத்திவிட்டு வண்டியைத் திருப்பினேன். வீடு வரும்வரை நீ வாயே திறக்கவில்லை. டிக்கெட்டை நாலாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்தாய். இடம் கிடைக்காததுதான் காரணம் என்று இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இடம் இருந்தது பாப்பா. கொஞ்சம் தள்ளி, பல்லவன் சாலைப் பக்கம் காட்டினான். அத்தனை பேர் முன்னால் ஒரு சின்னப் பையன் எனக்கு வழி சொல்கிறானே என்கிற கோபம். அதற்குப் பிறகு என்னோடு எங்கேயும் வர மாட்டேன் என்று நீ சொன்னதில் தப்பே இல்லை. போன வருஷம் நீ வந்து ஒரு விஷயம் சொன்னபோதும் நான் அப்படித்தான் கத்தினேன்.

சரி. கூட வருகிறவரும் வீட்டுக்கே வரட்டும். மாடி அறையில் ஃபேன் மாற்றியாகிவிட்டது. அம்மா எதுவும் கேட்க மாட்டாள். நானும் கேட்க மாட்டேன்.

மழை பெய்தால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். அந்தப் பக்கம் ஆட்டோ வராது. பத்தரையிலிருந்து ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். ஒருவரை விட்டுவிட்டு வந்து இன்னொருவரை ஏற்றிக்கொள்கிறேன், ஸ்கூட்டரில் இரண்டு நடையாகும்.

அன்புடன்,
அப்பா