அவன் பறந்தானா, அது பறந்ததா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் டிராகன் நாவலின் இரண்டாம் பாகக் கைப்பிரதியை முழுசாக வாசித்தாயிற்று. அம்மாவின் குறிப்புகள் பக்க ஓரத்தில் பென்சிலில் இருக்கின்றன. அவளுக்கு நாயகியைவிடத் தங்கையைத்தான் பிடித்திருக்கிறது, சொல்லி வை என்றாள். நான் எழுதுவது பழுது பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி மட்டும்.

முதல் பாகத்தை ஓட்டியது ஒரே கேள்வி: நாயகன் டிராகனாக உருமாறுகிறவன் என்று நாயகிக்கு எப்போது தெரியப்போகிறது? கடைசி அத்தியாயத்தில் தெரிந்துவிட்டது. இரண்டாம் பாகத்திலும் 120ஆம் பக்கம் வரை அதையே ஆள் மாற்றி ஓட்டுகிறாய். தளபதிக்குத் தெரியுமா, பாட்டிக்குத் தெரியுமா என்று. வாசகருக்குத் தெரிந்துபோன ரகசியத்தை எத்தனை பேரிடம் மறைத்தாலும் விறுவிறுப்பு வராது. தெரிந்த பிறகு இருவரும் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதுதான் இனிக் கதை.

ஜப்பானின் தொயோதமா ஹிமே கதையைப் பார். கடல் தெய்வத்தின் மகள், மனிதனைக் கட்டிக்கொண்டவள். பிள்ளை பெறக் கரைக்கு வருகிறாள். பிரசவக் குடிலுக்கு நீர்க்காக்கை இறகால் கூரை வேய்கிறார்கள். வேய்ந்து முடிவதற்குள் வலி எடுத்துவிடுகிறது. என்னைப் பார்க்காதே என்கிறாள், அவன் எட்டிப் பார்க்கிறான். 712இல் தொகுத்த கொஜிகி என்ற பழைய ஜப்பானிய நூலில் அவன் காண்பது வானி என்கிற கடல்விலங்கு. அதே கதையைச் சொல்லும் 720இன் நிஹோன் ஷொகி நூலில், முதன்மைப் பாடத்தில், டிராகன். வெட்கப்பட்டுக் கடல்வழியை அடைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நீயாக இருந்தால் முதல் பாகத்தை இங்கே முடித்திருப்பாய். கொஜிகி முடிக்கவில்லை. பிள்ளையை வளர்க்கத் தங்கையை அனுப்புகிறாள், தங்கையிடம் அவனுக்கு ஒரு பாட்டையும் கொடுத்துவிடுகிறாள், அவனும் பதில் பாட்டு அனுப்புகிறான். வேய்ந்து முடியாத அந்தக் கூரை பிள்ளையின் பெயரிலேயே ஏறிவிடுகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து சித்தியையே மணக்கிறான். அவர்கள் மகன்தான் ஜப்பானின் முதல் பேரரசர் ஜிம்மு. பார்த்துவிட்ட பிறகுதான் எவ்வளவு நடக்கிறது, பாரேன்!

அடுத்தது திணை. இதில்தான் நிறையச் சறுக்கியிருக்கிறாய், உன் கையில் இருக்கும் நல்ல ஆயுதமும் இதுதான். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அவனா அதுவா என்பது சுட்டுப்பெயரோடு போயிற்று. நமக்கு வினைமுற்றிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நன்னூல் மக்கள், தேவர், நரகர் மூவரையும் உயர்திணையில் வைத்து மற்ற எல்லாவற்றையும் அஃறிணையில் சேர்த்தது. உன் நாயகன் இரண்டுக்கும் நடுவே பறக்கிறான். 14ஆம் அத்தியாயத்தில் நீ எழுதியிருப்பது:

"டிராகன் கூரைமேல் இறங்கியது. தலையைத் தாழ்த்தி அவளைப் பார்த்தது. அவன் கண்கள் கலங்கியிருந்தன."

திணை மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று தெரியவில்லை. எழுவாயை எடுத்துவிட்டுப் பார்:

"கூரைமேல் ஏதோ இறங்கியது. ஓடுகள் நொறுங்கின. தலையைத் தாழ்த்தியது. இடப் புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு. அவளைப் பார்த்தான்."

அடையாளம் கண்டுகொண்டாள் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், விகுதி சொல்லிவிடும். ஆனால் ஒரு புத்தகத்தில் இதை ஒருமுறைதான் செய்யலாம். மற்ற இடங்களில் யார் கண் வழியாகப் பார்க்கிறோமோ அவர்கள் திணையிலேயே நில். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்று ஐந்து காரணத்தால் திணை மயங்கலாம் என்று இலக்கணமே விடுகிறது. பசுவை "என் அம்மை வந்தாள்" என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். தளபதி இழிப்பால் "அது" என்னட்டும். பாட்டி பாசத்தால் "அவன்" என்னட்டும். நாயகி சண்டையில் ஒரேயொரு முறை வாய் தவறி "அது" என்று சொன்னால் போதும், நீ இரண்டு பக்கத்துக்கு எழுதிய கண்ணீர் தேவைப்படாது. அவன் தன்னைப் பற்றிப் பேசும்போது சிக்கலே இல்லை: "பறந்தேன்" இரு திணைக்கும் பொது.

இதே கணக்கில் நீ, நீங்கள். முதல் பாகம் 22ஆம் அத்தியாயத்தில் அவள் அவனை "நீ" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். இதில் முதல் அத்தியாயத்தில் மறுபடி "நீங்கள்". கோபமா, மறதியா? கோபம் என்றால் அவன் அதைக் கவனித்ததாக ஒரு வரி வேண்டும்.

இனி உடம்பு. இதுவரை பறந்தவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான, டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனமான கெட்சல்கோட்லஸுக்குச் சிறகு விரிப்பு 10, 11 மீட்டர். எடை 200 முதல் 250 கிலோ வரை என்பது பரவலான மதிப்பீடு. நீ உன் டிராகனுக்கு 22 மீட்டர் என்று எழுதியிருக்கிறாய். நீளம் இரண்டு மடங்கானால் சிறகின் பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. 1,600 கிலோவுக்குக் குறையாது. மிதக்கவே ஏறக்குறைய 1.4 மடங்கு வேகம் வேண்டும், எழும்புவது அதைவிடப் பாடு. ஓட்டுக்கூரையில் இறங்கினால் கூரையும் மிஞ்சாது, கீழே நிற்கும் நாயகியும் மிஞ்சமாட்டாள். 12 மீட்டர், 300 கிலோ என்று வைத்துக்கொள். 70 கிலோ ஆளுக்கு மிச்ச எடை எங்கிருந்து வந்தது என்றால் மாயம் என்று சொல்லிவிடலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை வை: திரும்பி மனிதனானதும் காய்ச்சல், பசி, எதுவோ ஒன்று, ஒவ்வொரு முறையும். 7ஆம் அத்தியாயத்தில் 20 அடி முற்றத்திலிருந்து பறக்கிறான். 20 அடி என்பது 6 மீட்டர், அங்கே 12 மீட்டர் விரிப்பில் பாதிதான் விரியும். மதில்மேல் ஏற்றிவிடு.

காயமும் கணக்கில் வரவேண்டும். வௌவாலைப் போல் வரைந்திருக்கிறாய். வௌவாலின் சிறகு விரல்களுக்கு நடுவே இழுத்துக்கட்டிய தோல். ஆகவே சிறகெலும்பு முறிந்தால் மனிதனாகும்போது முறிந்திருப்பது விரல். சில வாரம் பேனா பிடிக்க முடியாது, அவள் கையையும் பிடிக்க முடியாது. நீயோ தோளில் கட்டுப்போட்டு இரண்டே நாளில் குணமாக்கிவிட்டாய்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொள். உருமாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: அத்தியாயம், பகலா இரவா, எவ்வளவு நேரம், யார் பார்த்தார்கள், காயம், மாற்றுத்துணி எங்கே. இந்தப் பாகத்தில் 19 முறை மாறுகிறான். துணி கணக்கில் வருவது 11 முறை. மற்ற எட்டில் அவன் எப்படி ஊருக்குள் வந்தான் என்று அம்மா ஓரத்தில் கேட்டிருக்கிறாள்.

முன்கதையை ஆறு பக்கம் கொட்டியிருப்பதை எடு. முதல் இரண்டு பக்கத்துக்கு மூன்று செய்தி போதும்: அவன் யார், அவளுக்குத் தெரியும், ஊர் அவனைத் தேடுகிறது. முதல் பாகம் படிக்காத ஒருவரிடம் மூன்று அத்தியாயம் கொடு. அவர் எங்கே "இது யார்?" என்கிறாரோ அங்கே ஒரு வரி சேர், அதற்கு மேல் வேண்டாம்.

அவனுக்கு 200 வயது, அவளுக்கு 17 என்பதையும் மாற்று. இளையோர் வாசிக்கிற புத்தகம். இருவரையும் 19 ஆக்கு, கதையில் ஒன்றும் குறையாது.

திருத்தும்போது 14ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்கு. திணை சரியானதும் அந்த ஒன்றை மட்டும் முதலில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா